மேற்கிலிருந்து வந்த மழை

பிள்ளைகளே, மழை வருமா அப்பா என்று நீங்கள் கேட்டால் நான் தெருவில் இறங்கி நின்று மேற்கே பார்க்கிறேன். நம் பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் எல்லாரும் கடல் பக்கம் பார்க்கும்போது இந்த மனுஷன் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாரே என்று உங்கள் அம்மா சிரிக்கிறாள். காரணம் அவளுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். நான் மில்லில் தறி ஓட்டுகிறவன், அதிகம் படிக்கவில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைகோனில் இருக்கும் உங்கள் மாமாவை நீங்கள் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறீர்கள். அம்மாவுக்குத் தம்பி. நீங்கள் அவனை மாமா என்கிறீர்கள், அவன் என்னை மாமா என்பான். நம் வீட்டில் பிரெஞ்சுப் பள்ளியில் கடைசிவரை படித்தவன் அவன் ஒருவன்தான். பிரான்சில் இருக்கிற ஆல்ப்ஸ் மலை, பிரெனே மலை, எது எந்தத் திசை, எது எவ்வளவு உயரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். ஆனால் மலை என்று ஒன்றை அவன் கண்ணால் கண்டதில்லை. நானும் கண்டதில்லை. நம் ஊரில் உயரம் என்றால் மாதா கோயில் மணிக்கூண்டு, கடற்கரை விளக்கு, இரண்டுதானே.

அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த சைகோனில் அவனுக்கு உத்தியோகம் கிடைத்தது. ஜூலைக் கடைசியில் கப்பல். அதற்கு முன்னால் வைத்தியர் அவனை நிற்க வைத்து, நடக்க வைத்துப் பார்த்து, உடம்பு சரி என்று சொல்ல வேண்டும். அந்த உத்தியோகத்தை நம்பித்தான் நெல்லித்தோப்பில் அவன் வீடே இருந்தது. அப்பா இல்லாத வீடு அது. அவனுக்குக் கீழே இரண்டு தங்கைகள்.

அந்த நேரத்தில்தான் ஒரு நாள் மில் வாசலுக்கு வந்து நின்று, "மாமா, ஒரு மலை ஏறிட்டுப் போயிடறேன்" என்றான்.

எதுக்குடா என்றேன்.

"அங்க எவனாவது உங்க ஊர் மலை எப்படி இருக்கும்னு கேட்டா என்ன சொல்றது? ஆல்ப்ஸப் பத்திச் சொல்லவா?"

நான் சிரித்தேன். ஆனால் அன்றைக்குத் தறி ஓடுகிற சத்தத்திலெல்லாம் அந்தக் கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் ஜூலை பதினாலும் ஞாயிற்றுக்கிழமையும் ஒட்டிக்கொண்டு வந்தன. பதினாலாம் தேதி சனிக்கிழமை, பிரெஞ்சுக்காரர் பண்டிகை, மில் கிடையாது. திங்கட்கிழமைக்கு மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். ஊரே கடற்கரையில் வாணவேடிக்கை பார்க்கப் போகிற நாளில் நாங்கள் மேற்கே போகிற ரயிலில் ஏறினோம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டுவிட்டு மலையா என்று உங்கள் அம்மா கோபித்துக்கொண்டாள். அப்புறம் அப்போது கைக்குழந்தையாக இடுப்பில் இருந்த நம் பெரியவளை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டே என்னிடம் தனியாகச் சொன்னாள்: "அவனக் கை காலோட கொண்டாந்து நிறுத்துங்க. வேற ஒண்ணும் கேக்கல."

விழுப்புரத்தில் இறங்கி, பஸ் பிடித்து, கள்ளக்குறிச்சிக்கு அப்பால் மாட்டுவண்டியில் போனோம். அதற்கு முன்பே, பிரெஞ்சு எல்லையில் ரயில் நின்றபோது எங்கள் மூட்டையைக் கிளறிய சுங்கச் சேவகன், புளிச்சோறும் கருவாடும் கயிறும் தவிர ஒன்றும் இல்லாததைக் கண்டு, எங்கே என்றான். மலை பார்க்க என்றோம். "பாண்டிச்சேரியிலேருந்து சாராய சீசாதான் ஒளிச்சு எடுத்தாருவாங்க. நீங்க ரெண்டு பேரும் கிறுக்க எடுத்தாந்துருக்கீங்க" என்று மூட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

கல்வராயன் மலையில் நாங்கள் ஏறப் போன உச்சிக்குப் பேர் தெரியவில்லை. மலைக்காரர்கள் அதைப் பெரிய உச்சி என்றார்கள், அவ்வளவுதான். சனிக்கிழமை இரவு அடிவாரத்துக் குடிசை ஒன்றில் படுத்தோம். காலையில் சாமைக் களி போட்ட அந்த வீட்டம்மா உங்கள் மாமாவின் காலைப் பார்த்துவிட்டு, "சப்பாத்து போட்டுக்கிட்டு யார் கலியாணத்துக்குக் கெளம்பிட்டே?" என்று கேட்டாள். அது கப்பலுக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்து. கால் பழகட்டும் என்று போட்டு வந்திருந்தான். நான் வெறுங்கால்.

முதலில் ஒரு காய்ந்த ஓடை. அதில் யானைக்குட்டி மாதிரி உருண்டைப் பாறைகள். ஓடையைத் தாண்டினால் மூங்கில் புதர். புதரைத் தாண்டினால் தலைக்கு மேல் நிற்கிற புல், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கல். வழி என்று ஒன்று இல்லை. மாடு போன தடம் தெரிந்தால் அதில் போவோம், அது கடுக்காய் மரத்தடியில் போய் முடியும், திரும்பி வந்து வேறு பக்கம் போவோம். ஓர் இடத்தில் கரடி தோண்டிப் போட்ட புற்று இன்னும் ஈரமாக இருந்தது. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சத்தமாகப் பேசிக்கொண்டே நடந்தோம்.

மலை என்னை ஏமாற்றியது அதன் வளைவுகளில்தான். இதோ உச்சி என்று கையை ஊன்றி ஏறினால், பின்னால் இன்னொன்று எழுந்து நிற்கும். கடலில் அப்படி இல்லை. கரை தெரிந்தால் அது கரைதான். மூன்றாவது தடவை ஏமாந்தபோது உங்கள் மாமா உட்கார்ந்துவிட்டான். "ஆல்ப்ஸ் சுலபம் மாமா, ஒப்பிச்சாப் போதும்" என்றான். தண்ணீர் குடித்தோம். மறுபடி ஏறினோம்.

வெயில் நன்றாக ஏறிவிட்ட நேரத்தில், மரங்கள் எல்லாம் கீழே நின்றுவிட, வெறும் பாறை வந்தது. அதற்கு மேல் உச்சி. இந்தத் தடவை பின்னால் எதுவும் இல்லை, வானம்தான் இருந்தது. ஆட்டின் முதுகெலும்பு போல ஒரு வரிப் பாறை அதுவரை போயிற்று. உங்கள் மாமா முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

நான் கிழக்கே திரும்பி வானத்தைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். பிறந்ததிலிருந்து எங்களுக்கு அதுதான் பழக்கம். மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. கடல் கறுக்கும், வாடைக்காற்று அடிக்கும், அப்புறம் மழை. ஆடியில் என்றைக்காவது சாயங்காலம் தூறினால் அதை நாங்கள் மழை என்றே சொல்வதில்லை. கிழக்கே துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நல்ல வெளிச்சம், போகலாம் என்றேன். எங்களுக்கு மேற்கே அந்த உச்சியே மறைத்துக்கொண்டு நின்றது. அதற்கு அந்தப் புறம் என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

காற்று முதுகில் அடிக்கும் என்று நினைத்திருந்தோம், முகத்தில் அடித்தது. உச்சிக்குப் பின்னாலிருந்து கறுப்பாக ஒன்று வழிந்து இறங்கியது. முதலில் புகை என்றே நினைத்தேன். அப்புறம் இடி. நாங்கள் ஓடி ஒரு பாறையின் வயிற்றுக்குள் ஒடுங்கினோம். அப்படி ஒரு மழையை நான் கார்த்திகையிலும் பார்த்ததில்லை. பாறைமேல் தண்ணீர் துணிபோல மடிந்து மடிந்து இறங்கியது. உங்கள் மாமா வாய்க்குள்ளே ஜெபமாலை சொன்னான். நான் காலையில் தாண்டிவந்த ஓடையை நினைத்துக்கொண்டேன்.

மழை நின்றதும் உச்சி தெரிந்தது, கழுவிவைத்த மாதிரி, கைக்கெட்டுகிற தூரத்தில்.

"வெளுத்துடுச்சு மாமா. வாங்க."

எறங்கணும் என்றேன். ஓடை, வெளிச்சம், வைத்தியர், உங்கள் அம்மா சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவன் காதிலே வாங்கவில்லை. இங்கேயே இருப்பவர்கள் இன்னொரு நாள் வரலாம், தனக்கு இன்னொரு நாள் ஏது என்றான். நான் கயிற்றை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"நீங்க குந்தியிருங்க. நான் மட்டும் தொட்டுட்டு வந்துடறேன்" என்று வரிப் பாறையில் கால் வைத்தான். புதுச் சப்பாத்துத் தோல், நனைந்த பாறை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் வழுக்கி, பக்கவாட்டில் சரிந்து, ஒரு புல் குத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் காலுக்குக் கீழே காட்டின் தலைதான் தெரிந்தது. கயிற்றைப் போட்டேன். அவன் மேலே வந்து சேரும்வரை குதிகாலைப் பாறையில் ஊன்றி இழுத்தேன். கணுக்கால் சுளுக்கிக்கொண்டது, முறியவில்லை. அவன் அழுதான்.

அதற்கப்புறம் உச்சியை அவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். ஓடையில் தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. சப்பாத்தைக் கழற்றி நாடாவை முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டான். நடுவில் முடிச்சு அவிழ்ந்து ஒன்று போய்விட்டது. உருண்டைப் பாறைகளுக்கு நடுவே அது ஒரு தடவை தலையைத் தூக்கிவிட்டு மறைந்தது. கரையேறியதும் மிச்சமிருந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இது ஒண்ணு போதும். ஒரு காலால நொண்டிக்கிட்டே சைகோனுக்குப் போயிடறேன்" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனாலும் வீட்டுக்கு வந்து சேரும்வரை நேராக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

உங்கள் அம்மா தினமும் விளக்கெண்ணெய் காய்ச்சி அவன் காலில் ஊற்றினாள். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வைத்தியர் நடக்கச் சொன்ன அன்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நொண்டாமல் நடந்தான். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கப்பல் கரையை விட்டுத் தள்ளி ஆழத்தில் நின்றது. கடல் பாலத்திலிருந்து படகில் போய்த்தான் ஏற வேண்டும். என் கலியாணச் சப்பாத்தை அவன் போட்டிருந்தான். அவனுக்குக் கொஞ்சம் பெரிசு, முனையில் துணி வைத்திருந்தோம். அவன் அம்மாவும் தங்கைகளும் அழுதுகொண்டிருந்தார்கள். படகில் இறங்குகிறதற்கு முன்னால் என் பக்கம் வந்தான்.

"எவனாவது கேட்டா, ஏறினேன்னு சொல்லமாட்டேன் மாமா. மலை எப்படி இருக்கும்னு மட்டும் சொல்லுவேன். அது எனக்குத் தெரியும்."

படகு அலையில் ஏறி இறங்கிப் போயிற்று. பாலத்தில் இருந்த எல்லாரும் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு தடவை திரும்பி மேற்கே பார்த்தேன். கூரைகளும் தென்னைகளும்தான் தெரிந்தன. ஆனால் அவற்றுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கிற பழக்கம் அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

அவனைத் திருப்பி இறக்கியது சரியா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. அவன் தங்கைகளுக்குக் கலியாணம் நடந்ததை நினைத்தால் சரி என்று தோன்றும். கழுவிவைத்த மாதிரி நின்ற அந்த உச்சியை நினைத்தால் தப்போ என்று தோன்றும். இரண்டும் எனக்குள்ளே இருக்கின்றன. ஒன்று மற்றொன்றைத் தள்ளவில்லை.

கப்பல் போன அன்று உங்கள் அம்மா நெல்லித்தோப்பில் தன் அம்மாவுக்குத் துணையாக இருந்துவிட்டாள். நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். கொல்லையில் அந்த ஒற்றைச் சப்பாத்து கிடந்தது. குதிகாலில் மலைச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. தோல் விறைக்காமல் இருக்க மேல்பக்கம் மட்டும் தேங்காய் எண்ணெய் தடவினேன். சேற்றைச் சுரண்டவில்லை. ஏணியைச் சார்த்தி ஏறி, கூரை முகட்டு விட்டத்தின்மேல், நம் வீட்டில் அதற்கு மேலே வேறு இடம் இல்லாத இடத்தில், அதை நிமிர்த்தி வைத்தேன். இறங்கி ஏணியைக் கொண்டுபோய்க் கொல்லையில் சாய்த்தேன்.