போதும் என்று சொன்ன ஊர்

எர்லிந்தா பிலமுங்காவுக்குப் பேசத் தெரியாது என்று மலையூரான ருமிலோமாவில் யாரும் சொல்லமாட்டார்கள். ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பின்னால் தரையில் உட்கார்ந்து கம்பளி நூற்றுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, தக்கிளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று கேள்வி கேட்டவள் அவள். புருஷன் லாசரோ கடலோரத்து வாழைத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனவன். திருவிழாவுக்குத் திருவிழா தலைகாட்டுவான். நிலம், ஆடு, மகள் எல்லாம் இவள் தலையில்தான். ஊர்ச்சபைக்குச் செயலாளர் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, அந்த வாயாடியையே போடுங்கப்பா, எப்படியும் பேசத்தான் போகிறாள் என்று தலைவர் செகுந்தோ சொன்னார். கூட்டம் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கியது. சிரிப்பில் வந்த பதவி என்றாலும் அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ருமிலோமா இரண்டு பாதி. கீழ்ப்பாதிக்கு வாய்க்கால் உண்டு. கலங்கல்தான், ஆனால் வீட்டு வாசலில் ஓடும் கலங்கல். மேல்பாதிக்கு இருப்பது பாறைக்கு அடியில் கசியும் ஒரே ஓர் ஊற்று. பெண்கள் பிளாஸ்டிக் கேனைச் சால்வையில் முதுகோடு கட்டிக்கொண்டு செங்குத்தாக ஏற வேண்டும். எர்லிந்தாவின் வீடு மேல்பாதியில். போன மழைக்காலத்தில் மகள் டெல்ஃபா கேனோடு வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அதற்கப்புறமும் அவள்தான் தண்ணீருக்குப் போனாள். வேறு யார் போவது?

அந்த வருஷம் நகரத்துத் தொண்டு நிறுவனம் ஒன்று குழாய் போட்டுத் தருவதாக வந்தது. பணம் ஒரு பாதிக்குத்தான் இருந்தது. எந்தப் பாதிக்குத் தேவை அதிகம் என்று வீடு வீடாகக் கேட்டுப் பார்த்து முடிவெடுப்பார்களாம். கேட்கிற வேலைக்கு வந்தவள் யாதிரா, படிப்பு முடித்து அதிக நாளாகாத பெண். நல்ல பெண், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேல்பாதியில் அந்த ஊர்க்காரியே கேட்டால் ஜனங்கள் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று அவள் நினைத்தாள். யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். எர்லிந்தாவை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள்: கேள்வியை மாற்றக்கூடாது, பதிலை வாயில் ஊட்டக்கூடாது, என்ன சொல்கிறார்களோ அதை அப்படியே எழுத வேண்டும்.

எர்லிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு அதை அப்படியே கடைப்பிடித்தாள். அங்கேதான் வினை.

எங்கள் பக்கத்தில் யாரும் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போவதில்லை. எர்லிந்தா ரொட்டி வாங்கிக்கொண்டு போனாள். போன இடத்தில் எல்லாம் வேகவைத்த உருளைக்கிழங்கும் மொச்சையும் மடியில் வந்து விழுந்தன. அதைத் தின்றுகொண்டே, வீட்டுக்குத் தண்ணீர் போதுமானதாக இருக்கிறதா என்று கேட்டாள். ரொட்டி கொண்டுவந்த விருந்தாளியிடம் எந்த மானமுள்ள மனுஷி இல்லை என்பாள்? சொன்னால் கையேந்துவதாகிவிடாதா? இருக்கு தாயி, கடவுள் புண்ணியத்துல போதும் என்றார்கள் எல்லாரும். ஒரு வீட்டில் காலி கேன் கவிழ்ந்து கிடந்ததை எர்லிந்தா கண்ணாலேயே பார்த்தாள். பார்த்துவிட்டு, போதும் என்று எழுதினாள். சொன்னதை எழுதுவதுதானே வேலை?

கீழ்ப்பாதியில் யாதிராவே கேட்டாள். அன்றைக்கு அங்கே மிங்கா, அதாவது வீட்டுக்கு ஒருவர் வந்து ஊரே சேர்ந்து செய்கிற வேலை. முழங்கால் சேற்றில் நின்று வாய்க்காலைத் தூர்வாரிக்கொண்டிருந்தவர்களிடம் கரையில் நின்றபடி கேட்டாள். சேற்றில் நிற்பவனுக்கு விருந்தாளியும் கிடையாது, வெட்கமும் கிடையாது. இது தண்ணியா, பன்னி குளிக்கிற குட்டை என்று ஒருவன் ஆரம்பிக்க, மற்றவர்கள் தங்கள் பங்குக்குத் திட்டித் தீர்த்தார்கள்.

எர்லிந்தாவின் வீடும் கணக்கில் சேர வேண்டுமே. அங்கே யாதிரா கேட்கப் போனாள். எர்லிந்தா அடுப்படியில் வளர்த்த கூய் ஒன்றை, விருந்துக்கென்றே வீட்டில் வளர்க்கிற கினி எலியை, அடித்து, வறுத்து, கிழங்கோடு வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே யாதிரா கேட்டாள். எர்லிந்தாவின் வாயிலிருந்தும் அதே வார்த்தைதான் வந்தது: போதும்மா, கடவுள் புண்ணியம். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த டெல்ஃபா தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். பிறகு மறுபடி ஊதத் தொடங்கினாள்.

கூட்டம் போட்டு முடிவைச் சொன்னார்கள். மேல்பாதியில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் தண்ணீர் போதும், கீழ்ப்பாதியில் போதவில்லை, ஆகவே குழாய் கீழே. கீழ்ப்பாதிக்காரர்கள் கைதட்டினார்கள். மேல்பாதிக்காரர்கள் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எர்லிந்தாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பொய்யர்கள், எல்லாரும் பொய்யர்கள் என்று மனதுக்குள் கறுவினாள். எழுந்து கத்தத்தான் போனாள். அப்போதுதான் கூய் வறுத்த நாள் ஞாபகம் வந்தது. அவளும்தானே சொன்னாள்! ஊர் நடுவில் அடுத்தவர் மானத்தை எடுக்க முடியாது. எடுப்பதென்றால் தன்னுடையதைத்தான் எடுக்க வேண்டும்.

எழுந்து நின்றாள். "நான் பொய் சொல்லிட்டேன். என் வீட்ல தண்ணி பத்தாது. யாதிரா கேட்டப்ப போதும்னேன். விருந்தாளி முன்னாடி இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

செகுந்தோ கீழ்ப்பாதிக்காரர். அவர் முகம் கறுத்தது. "கேட்டதும் நீ, எழுதினதும் நீ. இப்ப எல்லாம் பொய்னா, செயலாளர்னு நீ எதுக்கு?"

"வேண்டாம்னா பதவிய எடுத்துக்கங்கண்ணே. ஆனா எம்பொண்ணு கை கோணினது பொய்யில்ல."

மேல்பாதிக்காரர்கள் நடுவிலிருந்து அசுன்சியோனா எழுந்தாள். ஊரிலேயே ரோஷக்காரி, யாரிடமும் ஒரு நெருப்புக்குச்சிகூடக் கேட்காதவள்.

"எர்லிந்தா, அன்னைக்கு உனக்குக் கிழங்கு வச்சேன்ல. அத வேகவச்ச தண்ணி பக்கத்து வீட்ல கடன் வாங்கினது" என்று சொல்லிவிட்டு அவசரமாக உட்கார்ந்துகொண்டாள்.

பக்கத்து வீட்டுக்காரியும் அங்கேதான் இருந்தாள். கொடுத்துவிட்டு அன்றைக்குத் தான் சமைக்கவில்லை என்று அவள் முணுமுணுத்தாள். அதற்குமேல் ஒவ்வொருவராக, தரையைப் பார்த்துக்கொண்டே, உண்மையைச் சொன்னார்கள்.

யாதிராவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனால் அவள் மழுப்பவில்லை. ஒரு பாதியை அடுப்படியில் வைத்துக் கேட்டோம், இன்னொரு பாதியைச் சேற்றில் நிற்கும்போது கேட்டேன், இரண்டையும் ஒன்றாக வைத்து எடைபோட்டது என் தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். பிறகு சண்டைதான். கீழ்ப்பாதி விடவில்லை, மேல்பாதியும் விடவில்லை. தொண்டை வறண்டுபோன பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். மறுபடியும் கேட்பது. எல்லாரையும் ஒரே மாதிரி, வாசலில் நிற்கவைத்து, ரொட்டியும் கிழங்கும் இல்லாமல் கேட்பது. மேல்பாதியைக் கீழ்ப்பாதிக்காரர் கேட்பார், கீழ்ப்பாதியை மேல்பாதிக்காரர். எர்லிந்தா கேட்கப் போகக்கூடாது. அதற்கு அவளே முதல் கையைத் தூக்கினாள்.

அவள் வாசலுக்கு வந்தது செகுந்தோ. வெறுங்கையோடு வந்து பழக்கமில்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். வாங்க, உட்காருங்க என்று சொல்ல எர்லிந்தாவுக்கு நாக்குத் துடித்தது. சொல்லக்கூடாது. வீட்டுக்கு வந்தவரை நிற்கவைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெருவில் துணியில்லாமல் நிற்பதுபோல இருந்தது.

"வீட்டுக்குத் தண்ணி போதுதா?" என்று கேட்டார், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

ஊரே ஒப்புக்கொண்ட விஷயம்தான். இருந்தும் பழைய பதில்தான் முந்திக்கொண்டு தொண்டைக்கு வந்தது. அதை விழுங்கினாள்.

"போதாதுண்ணே. என் வீட்ல தண்ணி இல்ல."

செகுந்தோ உடனே எழுதவில்லை. எழுதினால் குழாய் அவர் வாசலை விட்டுப் போகும். அது இருவருக்கும் தெரியும். எர்லிந்தாவுக்குப் பின்னால் கதவோரமாக நின்றுகொண்டிருந்த டெல்ஃபாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து, போதாது என்று எழுதிக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு நடந்தார். விதைப்பு முடிந்ததும் குழாய் மேல்பாதிக்குத்தான் வந்தது. பள்ளம் வெட்டும் மிங்காவுக்குக் கீழ்ப்பாதிக்காரர்களும் முனகிக்கொண்டே வந்தார்கள், செகுந்தோ உட்பட.

ஆனால் அந்த நாளில் எர்லிந்தாவுக்கு அதெல்லாம் தெரியாது. கடினமான காரியத்தை முடித்துவிட்ட நிம்மதியோடு கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"இவ்வளவுதானாம்மா?" என்றாள் டெல்ஃபா. கோபமாகக்கூட கேட்கவில்லை. "நான் விழுந்த அன்னைக்கே இத யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

எர்லிந்தா மகளின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.