மூன்றாவது கேள்வி

பத்து வயதில் நான் கத்தோலிக்கத் திருச்சபையின் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். ரோமாபுரிக்கு இது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை உபதேச வகுப்பில் முதல் பரிசாக வாங்கிய பிளாஸ்டிக் ஜெபமாலைதான் என் நியமன உத்தரவு. பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்து வீடுகள் எல்லாமே மாதா கோயிலுக்குப் போகிற வீடுகள். எதிரி என்று ஒருவரும் இல்லாமல் பதவி துருப்பிடித்துக் கிடந்தது.

அந்தக் குறையை மாமா தீர்த்துவைத்தார். அம்மாவின் ஒரே தம்பி. இறால் ஓடாத மாதங்களில் மீஞ்சூருக்கு வேலைக்குப் போனவர், திரும்பும்போது புதுச் செருப்பும், ஜிப் வைத்த கறுப்பு பைபிளும், வேறொரு சபையின் ஜெபக்கூட்டத்துக்குப் போகும் பழக்கமும் கொண்டுவந்தார். பைபிளை அவர் நிஜமாகவே படித்தார் என்பதுதான் எங்களுக்குச் சங்கடம். எங்கள் வீட்டு பைபிள், காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்பதுபோல அலமாரியில் துணி சுற்றிக் கிடந்தது.

சண்டை வந்தது என் தம்பியால். எனக்குப் பத்து வருஷம் கழித்துப் பிறந்தவன். அவனுடைய ஞானஸ்நானத்துக்கு மாமாதான் ஞானத்தகப்பனாக நின்று பிள்ளையை ஏந்த வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். வேறு ஆளைப் பார்க்கலாம் என்று சொன்ன நைனா இரண்டு நாள் பேச்சுத்துணை இல்லாமல் சாப்பிட்டார். பங்குச் சாமியார்கூட, “அந்தச் சபையில இன்னும் முழுக்கு ஞானஸ்நானம் வாங்கலையே? அப்ப வரட்டும். கேக்குற கேள்விக்கு விசுவசிக்கிறேன்னு வாய் திறந்து சொல்லட்டும்” என்று இறங்கி வந்திருந்தார். மாமாதான் இறங்கவில்லை.

“கொழந்தைக்கு ஞானஸ்நானம் குடுன்னு வசனத்துல எங்க கீது? நம்பாதத நம்புறேன்னு நான் வாயால சொல்ல மாட்டேன்க்கா.”

இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்தாள். நான் பதவியேற்றேன்.

“பைபிள்ல எந்தெந்தப் புத்தகம் இருக்கணும்னு பைபிள்ல எங்க மாமா கீது? திருச்சபைதானே சொல்லிச்சு?”

உபதேசியார் சொல்லிக்கொடுத்த கேள்வி. நல்ல கேள்வி. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“எங்க பைபிள்ல இருக்குற ஏழு புத்தகம் வேற உங்க பைபிள்ல காணோம். பாத்து வாங்க மாட்டீங்களா?”

“யக்கா, உம்பொண்ணு எனக்குக் கடைக்குப் போவக் கத்துக்குடுக்குது” என்று மாமா சிரித்தார். பிறகு ஜிப்பைத் திறந்து வசனம் வசனமாக எடுத்து வைத்தார். கால் மணி நேரத்தில் என் கையில் ஜெபமாலை மட்டும்தான் மிச்சமிருந்தது.

அம்மா ஒரு இறால் தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, “நாளைக்கு யாரு பாடு?” என்று கேட்டாள். ஏரியில் இறால் ஓடும் இடங்களில் யார் என்றைக்கு வலை போடுவது என்கிற முறைக்குப் பாடு என்று பெயர்.

“நம்ம பாடுதான்.”

“எந்த புக்குல கீது?”

மாமா பைபிளின் ஜிப்பை இழுத்து மூடினார்.

“போன மாசம் அசலூர்க்காரன் எழுத்துல காட்டுன்னானே, நீ இன்னா சொன்ன?”

“பாட்டன் காலத்துலேர்ந்து ஊரு சொல்ற மொறன்னேன்.”

“கழியத் தூக்கினு சொன்ன. சரி, எழுதியே வச்சாலும், இன்னா எழுதிக்கீதுன்னு ஆளுக்கொண்ணு சொன்னா? பெரியவங்கதானேடா குந்தி தீத்து வைக்கணும்? ஏரிக்கு ஊரு வேணும், ஏசுவுக்கு மட்டும் வேணாமா?”

அதன் பிறகு இறையியல் புத்தகங்கள் கொஞ்சம் படித்திருக்கிறேன். வேதத்தோடு மரபும், அதைச் சொல்ல ஒரு சபையும் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வாதத்தை இன்னும் பார்க்கவில்லை. ஊரே தப்பாகச் சொன்னால் என்ன செய்வது என்று மாமா திருப்பிக் கேட்டிருக்கலாம். ஏரியில் பிழைக்கிறவருக்கு அது தோன்றாமலா இருக்கும்? அவர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஞாயித்துக்கெழம எத்தினி மணிக்கு?” என்றார்.

ஜெயித்தது நான்தான் என்று குப்பம் முழுக்கச் சொல்லிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, என் வெற்றியைக் காதால் கேட்பதற்காக மாமாவின் முழங்கையை ஒட்டி நின்றுகொண்டேன். அம்மா எதிரில் நின்றாள். பிதாவை விசுவசிக்கிறீர்களா என்று சாமியார் கேட்டார். “விசுவசிக்கிறேன்” என்ற மாமாவின் குரலுக்கு உத்தரத்துப் புறாக்கள் பறந்தன. இரண்டாவது கேள்வி இயேசுவைப் பற்றி. இன்னும் பலமாகச் சொன்னார். மூன்றாவதில்தான் பரிசுத்த ஆவியோடு கத்தோலிக்கத் திருச்சபையும் வரும். சாமியார் அந்த இடத்துக்கு வந்தபோது மாமாவின் விரல்கள் வெள்ளைத் துணிக்குள், பிள்ளையின் கால் பக்கமாகப் போயின.

தம்பி வீரிட்டான். மாமாவின் உதடு அசைந்தது. பதில் சொன்னாரா, பிள்ளையைச் சமாதானம் செய்தாரா என்பது யாருக்கும் கேட்கவில்லை. சாமியார் கொஞ்ச நேரம் மாமாவையே பார்த்தார். அப்புறம் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்தார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. வெளியே வந்ததும் அம்மாவிடம் புகார் செய்தேன்.

“மாமாவுக்குப் பிள்ளைய தூக்கவே தெரியலம்மா. கால எப்பிடியோ நசுக்கிட்டாரு. பதிலே கேக்கல.”

“சும்மா இரு” என்றாள் அம்மா. பிள்ளையை வாங்கி, துணியை விலக்கி, இடது பாதத்தைக் கட்டைவிரலால் மெள்ள நீவிவிட்டாள். எந்தக் கால் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. அது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆனது.