மூன்று பேராகப் போகக் கூடாது

சில வருடங்களுக்கு முன்பு, மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெம்பாவ் பக்கம் இருக்கும் குனுங் டத்தோ மலையில் நடந்தது இது. நடந்தது என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். நான் நடந்ததைவிடத் தவழ்ந்ததே அதிகம்.

நாங்கள் நான்கு நண்பர்கள். லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்து, தோட்டம் கைமாறியதும் ஆளுக்கொரு பக்கம் போனவர்கள். ஒருவன் லோரி ஓட்டுகிறான். இன்னொருவனுக்குச் செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் அம்பாங்கானில் குடியிருந்துகொண்டு ஓர் அலுவலகத்தில் கிராணியாகக் காகிதம் தள்ளுகிறேன். நான்காமவன் லுக்குட்டில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தான்.

மலையேறும் ஆசை அவனுடையது. பட்டறைக்கு வந்த மலாய்க்காரப் பையன் ஒருவன், உச்சிப் பாறையில் நின்று எடுத்த படத்தைக் கைப்பேசியில் காட்டி, வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து கடல் தெரியும் என்று சொல்லியிருக்கிறான்.

“பொறந்ததுலேருந்து எல்லாத்தையும் கீழேருந்தே பாத்துட்டோம்லா. ஒரு தடவ மேலேருந்து பாத்துருவோம்டா” என்றான் எங்களிடம்.

திட்டம் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானே தலையை நீட்டினேன் என்பதுதான் உண்மை. மலையேற்றம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கும்போது எனக்கு மூச்சு வாங்குவதில்லை. எப்போது கிளம்புவது, ஆளுக்கு எவ்வளவு தண்ணீர், எந்த இடத்தில் வேர்களைப் பிடித்து ஏற வேண்டும், அட்டை கடிக்காமலிருக்கக் காலில் எதைப் பூசுவது, எல்லாம் தயார். ஆலோசனைக் கூட்டங்கள் அவன் வீட்டில்தான். காரணம், அவன் மனைவி அரிசிச் சேமியாவில் பிரட்டித் தரும் மீஹூன். ஒவ்வொரு கூட்டத்திலும் மீஹூன் தீர்ந்துபோகும், மலை தள்ளிப்போகும். லோரிக்காரனுக்கு ஜொகூர் ஓட்டம், ஷிப்ட்காரனுக்கு ஓவர்டைம், எனக்கு வானத்தில் ஒரு மேகம்.

விலை உயர்ந்த மலையேற்றச் சப்பாத்து ஒரு ஜோடி வாங்கி, அழுக்காகிவிடக் கூடாதென்று பெட்டியிலேயே வைத்திருந்தேன். அவன் வாங்கியது பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. நாங்கள் சிரித்தோம்.

“எங்கம்மா இதப் போட்டுக்கிட்டுத்தாண்டா வெட்டுக்குப் போச்சு. ஒரு நாளும் வழுக்குனதில்ல” என்றான். காலுக்குப் பழகட்டும் என்று பட்டறையிலும் அதையே போட்டுக்கொண்டு திரிந்தான்.

நாங்கள் நால்வரும் வேலையில்லாமல் ஒன்றாக இருக்க வாய்த்தது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கு அவனை நாங்கள் மூவரும் தூக்கிக்கொண்டு போனோம். பட்டறையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவன் நிமிரவே இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

கருமாதி முடிந்து சில மாதங்கள் போயின. இனியும் தள்ளிப்போட்டால் அடுத்து யார் என்ற கேள்வி வந்துவிடுமே என்ற பயத்தில் நாள் குறித்தோம். அவன் மனைவியிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். வழக்கம்போல் மீஹூன் வந்தது. முதல் முறையாக மிச்சமானது.

“எத்தன பேருண்ணே போறீங்க?”

“மூணு பேருதாம்மா” என்று சொல்லிவிட்டு லோரிக்காரன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மூன்று பேராக எங்கேயும் கிளம்பக் கூடாது, கிளம்பினால் ஒரு கல்லை நான்காவது ஆளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் லயத்தில் சோற்றோடு ஊட்டப்பட்ட சங்கதி. ஷிப்ட்காரன் எழுந்துபோய், வாசலில் இருந்த மிளகாய்ச் செடித் தொட்டியிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தான். நானும் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் என் பையையே பார்த்தாள்.

“அவரு எடத்துல கல்லாண்ணே?”

நான் சட்டைப் பையைக் கையால் மறைத்தேன்.

“நான் வரேன்” என்றாள்.

“இன்னும் வருசம் திரும்பலியேம்மா. மல ஏறக் கூடாதுன்னு சொல்லுவாங்க” என்றான் ஷிப்ட்காரன்.

“அது சாமி இருக்கிற மலைக்குண்ணே. இங்க யாரு இருக்கா?” தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். “நீங்க இங்க உக்காந்து பேசுனப்பல்லாம் நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எங்க வேர் இருக்கும், எங்க இரும்பு ஏணி இருக்கும், எல்லாம் எனக்கும் மனப்பாடம். ஒரு தடவையாச்சும் ‘நீயும் வரியா’ன்னு யாராச்சும் கேட்டீங்களா? அவருந்தான் கேக்கல.”

என் திட்டத்தில் அட்டைக்குக்கூட இடம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மலையடிவாரத்தில் வந்து நின்றாள். காலில் அவனுடைய ரப்பர் சப்பாத்து, பெரிதாக இருந்ததால் உள்ளே இரண்டு ஜோடி காலுறை. முன்பக்கத்தில் பட்டறை எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது.

அந்த மலைக்கு ‘வாங்க’ என்று சொல்லும் பழக்கமெல்லாம் கிடையாது. தொடக்கத்திலேயே சுவர்போல் நிற்கிறது. வேர்களைப் பிடித்து ஏறினோம். பாதி வழியில் என் வலதுகால் சப்பாத்தின் அடிப்பாகம் மொத்தமாகக் கழன்று நாக்குப்போல் தொங்கியது. பெட்டிக்குள் காத்திருந்தே பசை செத்துப்போயிருக்கிறது. லோரிக்காரன் பையிலிருந்து ராஃபியா கயிற்றை எடுத்து, கோழியைக் கட்டுவதுபோல் என் காலைக் கட்டினான்.

“கிராணி சப்பாத்துலா! ஆபீஸ்ல மட்டுந்தான் ஓடும்.”

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு, “ரொம்ப நாளா வச்சிருந்துட்டீங்கண்ணே” என்றாள். சப்பாத்தைத்தான் சொன்னாள்.

உச்சிப் பாறைக்குப் போகும் ஏணியடியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். சப்பாத்துக்குள் கால் நிற்காமல் வழுக்கியது.

“எறங்கிருவோம்மா. இவ்ளோ தூரம் வந்ததே போதும்” என்றேன். எனக்கும் அது வசதியாக இருந்திருக்கும்.

அவள் கொஞ்ச நேரம் அந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தாள்.

“கயிறு மிச்சம் இருக்காண்ணே?”

கணுக்காலோடு சேர்த்துச் சப்பாத்தை அவளே இறுக்கிக் கட்டிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் ஏணியில் கால் வைத்தாள்.

மேலே ஒன்றுமே இல்லை. பால் கொட்டியதுபோல் வெள்ளை மூட்டம். கடல் இல்லை, ஊர் இல்லை, பக்கத்துப் பாறையைக்கூடக் காணோம். வெகுநேரம் காத்திருந்தோம். கலையவில்லை.

“லுக்குட் எந்தப் பக்கம்ண்ணே?” என்றாள்.

மூன்று பேரும் கையை நீட்டினோம். மூன்று கையும் மூன்று பக்கம்.

அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தாள். எந்த இடத்தில் அது அழுகையானது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சாவு வீட்டில் அவள் அழுது நாங்கள் பார்க்கவில்லை. வந்தவர்களைக் கவனிப்பதிலேயே அந்த நாள் போயிருந்தது. நீட்டிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மூன்று தடியர்களும் நின்றோம்.

அவள் அடங்கிய பிறகு, பையிலிருந்த கல்லை எடுத்தேன். நான்காவது ஆள் வந்த பிறகும் அதைக் கழற்றிவிட மனம் வராமல் கொண்டுவந்திருந்தேன். அவன் பார்க்க ஆசைப்பட்ட இடம், இங்கேயே இருக்கட்டும் என்று பாறையில் வைக்கக் குனிந்தேன்.

“வேணாம்ண்ணே” என்றாள். “போர்ட்டிக்சன் கடல்ல அவரு சாம்பல ஒரு தடவ விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்தாச்சு. இன்னொரு தடவ என்னால ஆகாது.”

கல்லை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். இறங்கும்போது, வேர்களைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்த இடங்களில்கூட அதை விடவில்லை.

கல் இப்போது அதே மிளகாய்ச் செடித் தொட்டியில் இருக்கிறது. தெளிந்த நாளாகப் பார்த்து மறுபடி போவோம் என்று லோரிக்காரன் சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் இப்போது திட்டம் எதுவும் போடுவதில்லை. காலையில் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்க்கிறேன். மேகமில்லாமல் இருந்தால், இன்றைக்குக் கடல் தெரிந்திருக்குமே என்று அன்று முழுவதும் மனம் கனத்துக் கிடக்கிறது.