நூற்றுப் பதினேழாம் பத்தி

நான் எழுதி அச்சிட்ட ஒரே புத்தகத்தில் வாசகரை நாற்பத்தொரு தடவை கொன்றிருக்கிறேன். அதை ஒப்புக்கொள்வதில் பெரிய கூச்சமில்லை. ஒவ்வொரு சாவையும் எழுதி முடித்ததும் பேனையை மூடிவைத்துவிட்டு எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன் என்பதைத்தான் வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கல்முனையில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தமிழ் இலக்கியம் என்னிடமிருந்து எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிறது என்று மனதார நம்பினேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கொழும்பில் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் ஓர் ஆங்கிலப் புத்தகம் அகப்பட்டது. அதை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக வாசிக்க முடியாது. கதாநாயகன் வேறு யாருமில்லை, வாசிப்பவர்தான். கதவைத் திறப்பதானால் எண்பதாம் பத்திக்குப் போங்கள், ஓடுவதானால் பதின்மூன்றாம் பத்திக்குப் போங்கள் என்று அதுவே சொல்லும். போன இடத்தில் பொக்கிஷம் இருக்கலாம், பூதமும் இருக்கலாம். சண்டை வந்தால் தாயக்கட்டை உருட்டி வெற்றி தோல்வி பார்க்க வேண்டும். பஸ் கல்முனைக்கு வந்து சேர்வதற்குள் நான் ஏழு தடவை செத்திருந்தேன். எட்டாவது தடவை சாகும்போது, இதைத் தமிழில் செய்யப்போகிறவன் நான்தான் என்று முடிவெடுத்துவிட்டேன்.

எழுத எட்டு மாதம் பிடித்தது. கரையில் ஒதுங்கிய ஒரு விளக்கை எடுக்கும் மீனவர், கடலுக்கடியில் மூழ்கிய நகரத்தைத் தேடிப் போகிறார். மொத்தம் முந்நூறு பத்திகள். பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதி, வீட்டு மண்டபத் தரையில் பரப்பி, எதிலிருந்து எதற்குப் போவது என்று தாளுக்குத் தாள் நூல் இழுத்தேன். கச்சான் காற்று அடித்த ஒரு பின்னேரம் கடல் நகரம் முழுவதும் எழும்பி அடுக்களைக்குள் போய்விட்டது. உம்மா அதைக் கூட்டி அள்ளிக்கொண்டுவந்து தந்தா. அதன்பின் ஒரு பூதத்தை மட்டும் காணவில்லை.

முதல் ஆட்டக்காரி என் தங்கச்சி. தையலை மடியில் வைத்துக்கொண்டு ஆடுவாள்.

"காக்கா, இருவத்தி மூண்டுல என்ன கிணத்துக்க விழுத்தினீங்க. மறுகா தொண்ணூறுல போனா அதே கிணறு. கடலுக்கடியில எத்தின கிணறு வெட்டியிரிக்கீங்க?"

"அது குறியீடு," என்றேன்.

"குறியீடெண்டா ஒண்டு போதும்," என்றாள்.

அவளுக்கு அந்த நேரத்தில்தான் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். வாப்பா மௌத்தாகிவிட்டதால் பொறுப்பு என் தலையில். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பக்கத்து வளவில் வீட்டைக் கட்டி, ஒரு கிணறும் வெட்டி முடித்திருந்தேன். மாப்பிள்ளை மருதமுனை. தறி வைத்திருக்கும் குடும்பம், அவர் மட்டும் நீர்ப்பாசன அலுவலகத்தில் கிளார்க். அவரைப் பற்றி உம்மா கேட்டபோது தங்கச்சி தலையைத் தூக்காமல், "இரிக்கட்டும்" என்றாள். அதற்கு முன் வந்த மூன்று சம்பந்தங்களை "வேணாம்" என்ற ஒரு சொல்லில் அனுப்பியவள். அவள் வாயிலிருந்து "இரிக்கட்டும்" வந்தால் அது காவியம். இனி எவன் வந்தாலும் அந்தச் சொல் வராது என்று எனக்கும் உம்மாவுக்கும் தெரியும்.

கையெழுத்துப் பிரதியைச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த பிரஸ்ஸுக்குக் கொண்டுபோனேன். பிரஸ்காரர் ஹாஜியார். கலியாணக் கார்டும் ஓதுகிற மௌலூதுப் புத்தகமும் அடிப்பவர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தாள் வாசித்தார்.

"தாயக்கட்ட உருட்டுறதெண்டு கிடக்கு, தம்பி."

"ஓம் ஹாஜியார். சண்டையில யார் வெல்லுறதெண்டு பாக்க."

"அது சூது. பூதம் வரட்டும், பிசாசு வரட்டும், எனக்கொண்டுமில்ல. சூத என்ட பிரஸ்ஸில அடிக்கேலா."

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் வழி தோன்றியது. கட்டை வேண்டாம். சண்டை வந்தால் கண்ணை மூடி, மனதில் நினைத்துக்கொண்டு புத்தகத்தை எங்காவது திறக்க வேண்டும். விரல் படும் பத்தியின் இலக்கம் இரட்டையானால் வெற்றி, ஒற்றையானால் தோல்வி. ஹாஜியார் கேட்டுவிட்டு, "இது சோக்கு" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊர் முழுக்க அறிந்த ஒரு வழக்கம் எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் அந்த நேரம் எட்டவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

புத்தகம் வந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் போட்டேன். இரண்டு மாதம் ஈ மொய்க்கவில்லை. பிறகு திடீரென்று விற்கத் தொடங்கியது. வாங்குகிறவர்கள் எல்லாரும் பெண்கள் என்றார் கடைக்காரர். சாய்ந்தமருதிலிருந்தும் ஆள் அனுப்பி எடுக்கிறார்களாம். பெண்களின் அகவுலகத்தை என் எழுத்து தொட்டுவிட்டது என்று புரிந்துகொண்டேன். பாடசாலை ஓய்வறையில் இரண்டொருவருக்கு அதைப் பற்றி விளக்கமும் கொடுத்தேன்.

ஒருநாள் மாப்பிள்ளையின் உம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தா. தேத்தண்ணி குடித்துவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டு என்னிடம் கேட்டா.

"மகன், ஒங்கட புத்தகத்தில ஒரு விளக்கம். மொதல் தொறந்தது சரியில்லாட்டி மறுகா ஒருக்கா தொறக்கலாமா?"

தங்கச்சியின் மாமியாராகப் போகிறவர் என் ஆட்டத்தின் விதியில் ஐயம் கேட்கிறார். மகிழ்ச்சி தலைக்கேறியது.

"ஏலா மாமி. மொதல் தொறந்ததுதான் செல்லும். ரெண்டாம்தரம் தொறக்கிறது கள்ள விளையாட்டு," என்றேன், ஃபத்வா கொடுக்கிற குரலில்.

"அல்ஹம்துலில்லாஹ், தெளிவாச் சொன்னீங்க," என்று எழும்பிப் போனா.

நாலாம் நாள் காலையில் சம்பந்தம் பேசிய சாச்சா, வாப்பாவின் தம்பி, வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். அதிலேயே விஷயம் விளங்கியிருக்க வேண்டும்.

"அவங்க விட்டுருவம் எண்டு சொல்லுறாங்க."

உம்மா அப்படியே கதிரையில் இருந்துவிட்டா. "என்ன கொறையாம்?"

"கொறை ஒண்டுமில்லயாம். பொண்ணும் நல்லமாம், ஊடும் நல்லமாம். புத்தகம்தான் வேணாம் எண்டு சொல்லுதாம்."

"எந்தப் புத்தகம்?" என்றேன்.

சாச்சா என்னைப் பார்த்தார். "நீ எழுதினதுதான்டா."

எங்கள் ஆட்கள் மத்தியில் பால் கிதாபு பார்ப்பது என்று ஒன்று உண்டு. மனதில் ஒரு காரியத்தை நினைத்து, கண்ணை மூடிக் கிதாபைத் திறந்து, விரல் பட்ட இடத்தில் குறி கேட்பது. மௌலவிமார் வேண்டாம் என்று சொல்லியே அலுத்த வழக்கம். அதை நான் எட்டு மாதம் பாடுபட்டு எழுதி, அட்டை போட்டு, விதிமுறையோடு ஊருக்குக் கொடுத்திருக்கிறேன். அதுவும் மரியாதையாக "நீங்கள்" என்று கூப்பிட்டு, இன்னது நடக்கும் என்று நேரே முகத்துக்குச் சொல்கிற முந்நூறு பத்திகள். என் வாசகிகளில் ஒருத்திகூட கடல் நகரத்துக்குப் போகவில்லை. வாசலிலேயே நின்று குறி கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அறைக்குள் தையல் மெஷின் நின்றது கேட்டது.

அன்று பின்னேரமே மருதமுனைக்குப் போனேன். மாமி என்னை இருக்கச் சொல்லி, புத்தகத்தைக் கொண்டுவந்து அடையாளம் வைத்த பக்கத்தைக் காட்டினா. நூற்றுப் பதினேழாம் பத்தி. உறுதியான நிலம் என்று நம்பி நீங்கள் கால் வைத்த இடம் ஒரு கிணறு. உங்கள் பயணம் இத்துடன் முடிகிறது.

"புது வளவுல கிணறு வெட்டியிரிக்கீங்கதானே, மகன்?"

"மாமி, இது பொய். நான் இருந்து யோசிச்சு எழுதின பொய்."

"பொய்யெண்டா என்னத்துக்கு அச்சடிச்சீங்க?"

இதற்கு உலக இலக்கியத்தில் பல விடைகள் உண்டு. மாமி அதற்குக் காத்திருக்கவில்லை.

"அடுத்தூட்டுப் புள்ளட மாப்புள வெளிநாட்டுக்குப் போகக் கேட்டுத் தொறந்தாங்க. கப்பல் கவுளும் எண்டு வந்திச்சு. ஒரு கிழமையில ஏஜென்சிக்காரன் ஓடிட்டான். எங்கட மாடு காணாமப் போன நேரம், மேக்க போங்க எண்டு வந்திச்சு. நாவிதன்வெளி வயலுக்க நிண்டிச்சு."

"அந்தப் பத்திய பல்லுவலியோட எழுதினேன் மாமி. மாட்டப் பத்தி நினைக்கவேயில்ல."

"எழுதினவருக்கு என்ன தெரியும். பேன புடிச்சதுதானே நீங்க."

கடைசி ஆயுதமாக மார்க்கத்தை எடுத்தேன். பால் கிதாபு பார்ப்பது கூடாது என்றேன். மாமி முகம் கறுத்தது. "பால் கிதாபா? நாங்க அப்பிடி ஆக்களில்ல. இது வெளாட்டுப் புத்தகம் எண்டு நீங்கதான் மட்டையில போட்டிரிக்கீங்க."

"சரி, அப்ப இன்னொருக்கா தொறந்து பாருங்க."

"மொதல் தொறந்ததுதான் செல்லும் எண்டீங்களே, மகன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். உம்மா அழுதா. தங்கச்சி அழவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, போய்த் தன் பிரதியை எடுத்துவந்து முதல் தாளைப் பிரித்தாள்.

"இதுல என்ன எழுதியிரிக்கீங்க? ஒண்டாம் பத்தியில தொடங்க வேணும் எண்டு. மாமி நடுவால தொறந்திரிக்கா. வெளாட்டுக்கே வராத ஆள் எப்பிடி கிணத்துக்க விழுற? போய் ஒண்டிலருந்து வாசிச்சுக் காட்டுங்க." வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னாள். "நீங்க விளக்கம் சொல்லப் போகாதீங்க காக்கா. வாசிங்க, வாய மூடிக்கிட்டு இரிங்க."

ஜும்ஆ முடிந்து சாச்சாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் தாளில் இருந்த விதியைக் காட்டியதும், விதி விதிதான் என்று மாமி சம்மதித்தா. சின்ன எழுத்து மாமியின் கண்ணுக்குத் தெரியாது என்பதால் நான் வாசிப்பது, அவ வழி சொல்வது. காரியம் இதுதான்: மீனவர் பிழைத்தால் கலியாணம், செத்தால் இல்லை. நாற்பத்தொரு சாவுகளையும் எங்கெங்கே புதைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

"ஒன்று. கரையில் ஒரு பழைய விளக்கு ஒதுங்கிக் கிடக்கிறது. அதைத் திறப்பதானால் இருபத்து மூன்றுக்குப் போங்கள். கடலில் எறிவதானால் ஐம்பத்தெட்டுக்குப் போங்கள்."

"யாருட விளக்கு?"

"தெரியா மாமி."

"ஊரான்ட சாமான தொறக்கிறதா? பள்ளிவாசல்ல குடுத்து மைக்கில சொல்லச் சொல்லணும். அதுக்கு எத்தினையாம் பத்தி?"

தேடுவதுபோலத் தாளைப் புரட்டினேன். "அதுக்குப் பத்தி இல்ல."

மாமி சாச்சாவைப் பார்த்தா. சாச்சா கூரையைப் பார்த்தார். "சரி, கடல்ல போடுங்க."

ஐம்பத்தெட்டில் ஒற்றைக்கண் ஓடக்காரன் வருகிறான். ஏறுவதானால் தொண்ணூறு, சண்டை பிடிப்பதானால் நாற்பத்தொன்று.

"ஊட்ட சொல்லிட்டு வாறத்துக்கு எத்தினையாம் பத்தி?"

"இல்ல மாமி."

"பொஞ்சாதி தேடமாட்டாவா?"

"அவருக்குப் பொஞ்சாதி இருக்கிறதா நான் எழுதல்ல."

"இந்த வயசுல கலியாணம் இல்லியா? செரி. சோறு தின்னுட்டுப் போறாரா?"

மனதுக்குள் முந்நூறு பத்திகளையும் ஓட்டிப் பார்த்தேன். பவளக் கோட்டை இருந்தது, பேசும் திமிங்கிலம் இருந்தது. ஒரு நேரச் சோறு இல்லை. எட்டு மாதம் உம்மா கொண்டுவந்து வைத்த சோற்றைத் தின்றுகொண்டே அந்த மனிதரைப் பட்டினி போட்டிருக்கிறேன். தங்கச்சி சொன்னபடி வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

"தொழுகை?"

தலையாட்டினேன், இல்லை என்று.

"திரும்பி ஊட்ட வாற பத்தியாவது இரிக்கா, மகன்?"

இருந்தது. முந்நூறாவது. ஆனால் ஓடக்காரனிடம் வந்தவர் அதற்குப் போக முடியாது. அந்த வழி காணாமற்போன பூதத்தின் தாளில் இருந்தது என்பது எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. புத்தகம் முழுக்க இருந்த ஒரே நல்ல முடிவுக்கு, அவ நின்ற இடத்திலிருந்து பாதையே இல்லை. அதை ஊருக்கு விற்றிருக்கிறேன். "இல்ல மாமி," என்றேன். வேறு நாளாக இருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

மாமி புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, மூடி, கதிரைக்குக் கீழே வைத்தா. கோபமில்லை. ஒரு கெட்டிக்காரப் பெண் ஏமாந்துபோனதை உணர்ந்தபோது வரும் முகம்.

"மைக்கில சொல்லவும் தெரியா, சோறு போடவும் தெரியா, ஊட்ட வரவும் தெரியா. ஒண்டும் தெரியாத புத்தகத்துக்கிட்டயா நான் என்ட மகன்ட கலியாணத்தக் கேட்டேன்?" உள்ளே திரும்பி, தேத்தண்ணி ஊற்றச் சொன்னா. சாச்சாவிடம், "நாளப் பாருங்க," என்றா.

வீடு திரும்பினோம். வாசலில் தங்கச்சி நின்றாள்.

"என்னயாம்?"

"ஓமாம்."

"புத்தகம்?"

"அதப் பத்திக் கேக்காத."

அவள் கேட்கவில்லை. உள்ளே போன பிறகு மெஷின் ஓடத் தொடங்கியது, கொஞ்சம் வேகமாக.

கலியாணம் நடந்தது. அந்த நாட்களில் பொழுதுபட்டால் ஊரடங்கு; அதற்கு முன்னால் சகலரும் வீடு போய்ச் சேர வேண்டும் என்று பகலிலேயே சாப்பாடு வைத்தோம். நான் பலர் சேர்ந்து உண்ணும் சகன் தட்டுகளுக்குச் சோறு எடுத்துக்கொண்டு பெண்கள் இருந்த அறையைக் கடந்தபோது, பெண் வீட்டைப் பற்றி யாரோ மாமியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மாமி குரலைத் தாழ்த்தவில்லை.

"நல்ல குடும்பம், புள்ள. காக்காகாரர் மட்டும் கொஞ்சம் எழுதுவாராம். அதுக்காக ஒரு கொமரப் புள்ளய வேணாம் எண்டு சொல்லேலுமா?"