கோடு முப்பத்தஞ்சு

மனைவி மவுத்தாகி, வீட்டில் கத்தமெல்லாம் ஓதி முடித்து, ஏரல் கடைத்தெருவில் என் ரேடியோ ரிப்பேர் கடையைத் திறந்த அன்றைக்கே பள்ளிவாசல் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு, பாங்கு சொல்கிற மோதினார் வந்துவிட்டார்.

"கொரகொரங்குது வே. பைய பாரும், ஆனா இன்னைக்கே தந்திரும்."

பழைய ஆம்ப். அதில் முதலில் பார்ப்பது சப்ளையை. பிளஸ் பக்கமும் மைனஸ் பக்கமும் ஒரே அளவு வோல்ட் வர வேண்டும். அடுத்து, ஸ்பீக்கர் மாட்டுகிற இடத்தில் டிசி எதுவும் வரக்கூடாது. வந்தால் ஸ்பீக்கர் கருகிவிடும். கரண்ட் ஓடும்போதே பார்க்கிற வேலை. மீட்டரின் முனை வழுக்கினால் டிரான்சிஸ்டர் போச்சு. பயத்தில் முனையைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். ஏழாவதோடு நின்றவன் வேறு. எண்ணை நானே படித்தாலும் நம்பிக்கை வராது.

அதனால் மீட்டரைப் பார்த்துச் சொல்வது என் மனைவியின் வேலையாக இருந்தது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவுதான். அரிசி களைந்த ஈரக்கையோடு வந்து நிற்பாள். "தள்ளி நில்லு" என்று நான் பதறுவேன். மைனஸ் என்று சொல்ல மாட்டாள். எண்ணுக்கு முன்னால் தெரிகிற சின்னக் கோட்டைத்தான் சொல்வாள்.

"கோடு முப்பத்தஞ்சு."

"நல்லா பாத்தியா?"

"கோடு முப்பத்தஞ்சுதான். நீங்க கேக்கியன்னு அது மாறுமாக்கும்?"

இப்போது மோதினாரை நிற்கச் சொன்னேன். "மைனஸ் முப்பத்தஞ்சு" என்றார். சரியான அளவுதான். "இன்னொரு தடவை பாருங்க" என்றேன்.

"என்ன வே, இங்கன பரீட்சையா நடக்குது?"

ஸ்பீக்கர் முனைக்கு மாறினேன். ஆம்ப் சூடானதும் பலகையை மரக்குச்சியால் தட்டினேன். "ஏறுது, இறங்குது" என்றார். ஒரு டிரான்சிஸ்டரின் காலில் ஈயம் விட்டுப்போயிருந்தது.

அந்தக் கொரகொரப்பை நான் முன்பே கேட்டிருந்தேன். அவள் மவுத்தான காலையில் இதே ஆம்பில்தான் அறிவித்தார்கள். பெண்ணின் பெயரைச் சொல்வதில்லை. என் பெயரைச் சொல்லி, "அவங்க மனைவி" என்றார் மோதினார். அந்த இடத்தில் சத்தம் உடைந்தது. அவள் ஜனாஸா பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், ஸ்பீக்கர் போய்விடுமோ என்று பதறி, "கேட்டியா, டிசி வருது போல" என்று அவள் பக்கம் திரும்பிவிட்டேன். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள்.

கரண்டை நிறுத்தி ஈயம் வைத்தேன். மறுபடி போட்டுப் பார்த்ததில் "சைபர்" என்றார் மோதினார். தட்டிப் பார்த்தேன். சைபர். இன்னொரு தடவை கேட்டேன்.

"உம்ம வீட்டுல சொன்னா மட்டும் ஒரே தடவையில நம்பிருவீராக்கும்?"

"இல்ல. அவகிட்டயும் இப்படித்தான் கேப்பேன்."

மோதினார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, "சைபர்" என்றார். ஸ்பீக்கரை மாட்டினேன்.

ஆம்பை எடுத்துப்போய் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார். இப்போது உடையும், இப்போது உடையும் என்று கடை வாசலில் நின்றேன். கடைசிவரை உடையவில்லை. நல்லா கேட்டுச்சா என்று அவளிடம் கேட்க உள்கதவுப் பக்கம் திரும்பினேன். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.