அக்காள் நின்ற ரீல்

எங்கள் வீட்டில் யாரும் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. எடுத்தால் ஆயுசு குறையும் என்பது அப்பாவின் கட்சி. போட்டோவே எடுக்காத என் அக்காள் முதல் பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்த பிறகு, அந்தக் கட்சியை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் முகம் ஒரே ஓர் இடத்தில் இருந்தது. அத்தான் மதராஸில் சினிமா ஸ்டுடியோவில் தச்சுவேலை பார்த்தார். ஒரு கோயில் காட்சிக்குப் பெண்கள் போதவில்லை என்று அக்காளையும் கையில் விளக்கோடு கூட்டத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். படம் நாகர்கோவிலுக்கு வந்தபோது அவள் இல்லை. திரையில் அவள் திரும்பி யாரையோ பார்த்துச் சிரித்தாள். அதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது. படம் ஓடிய வரைக்கும் அம்மா தினமும் போனாள்.

சில வருஷம் கழித்து, அறுவடை முடிந்த வயலில் கூடாரம் போட்டவர்கள் அதே படத்தைக் கொண்டுவந்தார்கள். ஓடித் தேய்ந்த படம், திரை முழுக்கக் கோடு கோடாக மழை பெய்தது. கோயில் தெரிந்தது, விளக்குகள் தெரிந்தன, படம் ஒரு குதி குதித்து அடுத்த காட்சிக்குப் போய்விட்டது. அக்காளைக் காணோம்.

மறுநாள் காலையில் அம்மாவும் நானும் கூடாரத்துக்குப் போனோம். ஆபரேட்டர் ரீல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"தம்பி, எம் மக நின்ன இடம் எங்க?" என்று கேட்டாள் அம்மா.

அவர் படச்சுருளை வெளிச்சத்தில் பிடித்து ஓர் ஒட்டைக் காட்டினார். "இது பிரிண்டும்மா. ஓடி ஓடி அறுந்துபோவும். அறுந்த இடத்த வெட்டிட்டுத்தான் ஒட்டணும். எந்த ஊர்ல வெட்டினாவளோ."

"வேற பிரிண்டு கெடைக்காதா?" என்றேன்.

"நெகட்டிவ் இருந்தா கெடைக்கும். அதுல இருந்துதான் எல்லா பிரிண்டும் போடுகாவ. அது மதராஸ்ல கம்பெனியில இருக்கும்."

அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "அப்போ இது ஊர் சுத்துக உற்சவர். மூலவர் அங்க இருக்காரு."

"அப்படியே வச்சுக்கிடுங்க."

அம்மா அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள்.

அக்காள் திதிக்கு வந்த அத்தானிடம், அவர் இலையில் உட்கார்ந்ததுமே அம்மா நெகட்டிவைப் பற்றிக் கேட்டாள். அவர் தலை நிமிரவில்லை.

"கம்பெனி முழுகிப் போச்சு அத்தை. நெகட்டிவ எடைக்குப் போட்டுட்டாவ. கழுவினா அதுல கொஞ்சம் வெள்ளி கெடைக்குமாம்."

"கழுவினா அவ மொகம்?"

"போயிரும்."

அம்மா அவருக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

அந்த மாசமே அப்பா எங்களை வடசேரிக்குப் போட்டோ எடுக்க அழைத்துப் போனார். கட்சி எப்போது மாறியது என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் கத்தியிருப்பேன்.

அம்மா நாற்காலியில் உட்காராமல் போட்டோக்காரரிடம் கேட்டாள். "இதுக்கும் நெகட்டிவ் உண்டுமா?"

"உண்டும்மா. நாங்க பத்திரமா வச்சிருப்போம்."

"எம்புட்டு காலம்?"

அவர் சிரித்துக்கொண்டே கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார்.

"நீங்க எடுங்க மக்கா. அவ இல்லாத படத்துல எனக்கு என்ன சோலி," என்று அம்மா வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டாள்.

அப்பாவும் நானும் எடுத்துக்கொண்டோம். அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறது. அப்பாவின் முகம் அதில் நன்றாகத் தெரிகிறது. எனக்கு வேண்டிய முகம் அது இல்லை.