'ஓகே' என்றதும் விழுந்த டிக்

பெருமாநல்லூரில் கைக்குழந்தைகளுக்கான உடை தைக்கும் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வேலைகளைக் குறித்து வைக்கும் ஆப்பையும் தானாக மெசேஜ் அனுப்பும் 'பாட்' (bot) என்ற நிரலையும், புரோகிராம் எழுதத் தெரியாமலே, இணையத்தில் கிடைத்த ஒரு கருவியால் நானே இணைத்திருந்தேன். நான் குறிக்கும் வேலை, அதைச் செய்ய வேண்டியவர் போனுக்குப் போகும். அவர் 'ஓகே' என்று பதில் போட்டால் வேலை முடிந்ததாகப் பட்டியலில் டிக் விழுந்துவிடும்.

சென்ற மாதம் ஒரு மதியம் தையல் மிஷினில் ஊசி உடைந்து, அதன் முனை கிடைக்கவில்லை. அந்த லைனில் தைத்துப் பெட்டியில் போட்டிருந்த சட்டைகளை மெட்டல் டிடெக்டரில் மறுபடி விடும்படி, செக்கிங் பொறுப்பாளர் சரஸ்வதி அக்காவுக்குப் பாட் மூலம் அனுப்பினேன். சற்று நேரத்தில் டிக் விழுந்தது. லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டேன்.

லாரி கிளம்பிய பிறகுதான் அக்காவைப் பார்த்தேன். "ஊசி முனை கிடைச்சுதுங்களாக்கா?"

"இன்னும் டிடெக்டர்ல உடலீங் கண்ணு. மெசேஜ் பாத்துட்டேன்னுதான் ஓகே போட்டேன்."

உடனே லாரி டிரைவருக்குப் போன் போட்டேன். டிரைவர் மூன்று முறை போனை எடுக்கவில்லை. நான்காம் முறை, "டீசல் போட நின்னேனுங்க, என்னாச்சுங்க?" என்றார். வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

பெட்டிகளைப் பிரித்து ஒவ்வொரு சட்டையாக விட்டோம். பதினோராவது பெட்டியில் டிடெக்டர் கத்தியது. ஒரு சட்டையின் கழுத்துத் தையலுக்குள் அந்த முனை இருந்தது. அக்கா அதை எடுத்து, உடைந்த ஊசியின் மற்ற துண்டோடு பதிவுக் காகிதத்தில் ஒட்டினார்.

இப்போது 'ஓகே' போட்டால் 'பார்த்தார்' என்று மட்டுமே வரும்படி மாற்றிவிட்டேன். டிக்கை, செக்கிங் பகுதிக்கு நேரில் போய்ப் பார்த்த பிறகு நானே போடுகிறேன். மாடிப்படி ஏறி இறங்கி முழங்கால் வலிக்கிறது. வலிக்கட்டும்.